கை ஒடிந்தால்தான் விடுப்பா?

போன மாதம் திருநெல்வேலியில் ஒரு சின்னக் கூட்டம். முப்பது பேர் இருந்திருப்பார்கள். என்னுடைய நீர்வண்ண ஓவியங்களில் ஏழைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அறிமுகம் செய்த நண்பர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "இவங்களுக்குக் காயம்தான் குரு. வலது கை ஒடிஞ்சு, வீடு இடிஞ்சு கிடந்த ஆறு வாரத்துல இடது கையால வரைஞ்ச படங்கள் இது. வலி இல்லாம கலை இல்ல." எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே கும்பிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் கோபம் வந்தது. திசையன்விளை வரைக்கும் அந்தக் கோபம் இறங்கவில்லை.

நண்பர் நல்லவர். என்னைப் பெருமைப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அவர் சொன்னது தப்பு. தப்பு என்பதோடு விட்டால்கூடப் பரவாயில்லை, அந்த வாக்கியம் ஒரு ஆளை மறைக்கிறது. அந்த ஏழு படங்களுக்குக் கூலி கொடுத்த ஆள் அன்று கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிப் பேசாமல் என் வலியைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வராதா?

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

*

எங்கள் ஊர் பெரியதாழை. தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கு ஓரம். கொஞ்சம் வடக்கே போனால் மணப்பாடு. கேமராவும் ஸ்கெட்ச் புக்குமாக வருகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். எங்கள் ஊருக்குப் படம் வரைய யாரும் வருவதில்லை. தூண்டில் வளைவுக்குப் போட்ட கல்லும் வள்ளங்களும் வலைக் குவியலுமாகக் கிடக்கும் கரை. அலை எங்கள் வாசலுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் காற்று வந்துவிட்டது. வீட்டைத் தின்பது அந்தக் காற்றுதான்.

கடல் காற்றில் இருக்கிற உப்பு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கும். உள்ளே இருக்கிற கம்பியைச் சுற்றி கான்கிரீட்டின் காரத்தன்மை ஒரு மெல்லிய காப்பைப் போட்டு வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தக் காப்பை உடைத்துவிடும். கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டு உள்ளறையில் ஒரு முறம் அளவுக்குக் கூரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அந்த நேரம் கட்டிலில் யாரும் இல்லை. வீடு கட்டும்போது கடல் மணல் கலந்தார்களா இல்லையா என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இன்றைக்கும் சண்டை.

கொத்தனார் வந்து சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார். பொக்கென்று சத்தம் வந்த இடமெல்லாம் கரியால் வட்டம் போட்டார். கூரை முழுக்க வட்டம். "எம்மா, இது மேல்பூச்சு வேலை இல்ல. கொத்தி எடுத்து, கம்பியைத் தேச்சு, அப்புறந்தான் பூசணும். இல்லன்னா அடுத்த வருஷமும் என்னையக் கூப்பிடுவிய." அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தாள். சாரம் கட்டினார்கள். சாமான் எல்லாம் திண்ணைக்கு வந்தது.

ஜூலை மாதம். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வள்ளம் இறக்க முடியாமல் அப்பா வீட்டில் இருந்தார். நான் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் மாடிக்கு டீ கொண்டு போனேன். படியில் சிந்திக் கிடந்த சாந்தில் கால் வழுக்கியது. ஃபிளாஸ்க்கைக் காப்பாற்றினேன், கையைக் காப்பாற்றவில்லை. வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

நண்பரே, இதில் குரு எங்கே வந்தார்?

*

முதல் பத்து நாள் ஒரு கோடுகூட வரையவில்லை. வலி. தூங்கினால் கை நசுங்கும், தூங்காவிட்டால் தலை வலிக்கும். வலி எனக்கு ஒன்றுமே சொல்லித் தரவில்லை. மாத்திரையைச் சாப்பிட்டு அது குறைந்த பிறகுதான் சுற்றிலும் பார்க்கவே முடிந்தது. பார்த்தபோது ஒன்று புரிந்தது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு முதன்முறையாக, "ஏ பிள்ள, அந்தத் தண்ணியப் பிடி", "ஏ பிள்ள, இந்த வெங்காயத்த உரி" என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்கள். ஓவியக் கல்லூரியில் நாலு வருஷம் படித்து ஊர் திரும்பியவள் நான். திரும்பிய பிறகு மூன்று வருஷத்தில் நான் முடித்த படங்கள் ஐந்தோ ஆறோ. அந்த ஆறு வாரத்தில் வரைந்தது நாற்பத்து மூன்று தாள்.

அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வலிக்கு மாலை போடாதீர்கள். எனக்குக் கிடைத்தது விடுப்பு. எலும்பு ஒடிந்ததால் மட்டுமே என் வீடும் ஊரும் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொண்ட விடுப்பு. மாவுக்கட்டு என்பது ஒரு பெண்பிள்ளை வீட்டில் காட்டக்கூடிய மெடிக்கல் சர்டிபிகேட். அது இல்லாமல் ஒரு மணி நேரம் பிரஷ்ஷோடு உட்கார்ந்தால் அதற்குப் பெயர் "சும்மா இருக்கறது".

நீர்வண்ணம் எனக்கு ஏன் ஒத்துவந்தது என்பதும் இதே கதைதான். கல்லூரியில் நீர்வண்ணம் என்றால் ஒரு படிக்கட்டு. வெளிப்புறக் காட்சி வரையப் பழகுவதற்கு. அதில் ஏறி ஆயிலுக்கும் அக்ரிலிக்குக்கும் போய்விட வேண்டும். லண்டனிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ராயல் அகாடமி மதிக்கவில்லை என்று நீர்வண்ணக்காரர்கள் 1804இல் தங்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்க வேண்டியிருந்தது. நல்ல குடும்பத்துப் பெண்கள் வீட்டில் பழகுகிற கலை என்கிற இளக்காரமும் அதற்கு உண்டு. அதை நான் இளக்காரமாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரம் துண்டுதுண்டாகக் கிடைக்கிற வீட்டுக்குள்ளே செய்ய முடிகிற கலை அது. டர்பன்டைன் நாற்றம் இல்லை, ஈசல் வேண்டாம், யாராவது கூப்பிட்டால் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். திரும்பி வரும்போது வண்ணம் காய்ந்திருந்தாலும் இரண்டு சொட்டுத் தண்ணீரில் உயிர் வந்துவிடும்.

இடது கையால் கோடு வராது. அதனால் கோட்டை விட்டேன். தாளை நனைத்து, வண்ணத்தை விட்டு, பலகையைச் சாய்த்தேன். மாவுக்கட்டைத் தாளின் ஓரத்தில் வைத்தால் காற்றில் பறக்காது. அதற்கு மட்டும் அது நல்ல கருவி. கடற்கரை ஈரத்தில் ஒரு பூச்சு காய்வதற்குள் இன்னொரு வேளைச் சாப்பாடு வந்துவிடும். நீர்வண்ணக்காரர்கள் ஈரத்தில் உப்பைத் தூவிப் பூப்பூவாக ஒரு தடம் வரவைப்பார்கள். அந்த வித்தையைக் கல்லூரியில் ஆசையாகப் படித்தோம். எங்கள் திண்ணையில் அதற்குத் தனியாகச் செய்முறை தேவைப்படவில்லை. மேலே கொத்தும் தூசியும் வந்து விழும். சில தாள் அதனாலேயே கெட்டது.

வண்ணமும் அங்கேயே இருந்தது. பெட்டியில் "இண்டியன் ரெட்" தீர்ந்துபோயிருந்தது. அந்தச் சிவப்பு என்ன தெரியுமா? இரும்பு ஆக்சைடு. மாடியில் கம்பிபிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கக் கொட்டிய துருவும் அந்த வகைதான். கொஞ்சம் மஞ்சள் ஓடிய பழுப்பு. ஊரிலிருந்து உள்ளே போனால் வருகிற தேரிக்காட்டு மணல் சிவந்து கிடப்பதும் இரும்பு ஆக்சைடால். ஒரு பையில் தேரி மணல் எடுத்துவரச் சொன்னேன். தண்ணீரில் கலக்கி, கனமான மணல் அடங்கியதும் மேல் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிட்டால் அடியில் நைசான சிவப்பு படியும். கருவேலம் பிசினைக் கரைத்து அதில் குழைத்தால் வண்ணம். துருவையும் அப்படியே அரைத்தேன். எங்கள் கூரையைப் பெயர்த்த பொருளை வைத்தே அந்தக் கூரையை வரைந்தேன்.

இந்த இடத்தில்தான் நண்பர் மாதிரி ஆட்கள் உருகுவார்கள். "அடடா, அழிவிலிருந்து கலை!" உருகுங்கள், எனக்கும் அந்தச் சிவப்பு பிடிக்கும். ஆனால் ஒரு கேள்வி. நான் இடது கையோடு இருந்தேன். கம்மியில் கருவேலம் பிசினை ஊறவைத்தது யார்? கலங்கலை வடித்த பாத்திரத்தைத் திரும்பக் கழுவியது யார்?

*

அம்மா.

ஆறு வாரம் என் வேலையை அவள் செய்தாள். அவள் வேலையோடு சேர்த்து. குழாயில் தண்ணீர் பிடித்தது, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் டீ கொடுத்தது, திண்ணையில் அடுப்பு வைத்துச் சமைத்தது, கூரைத் தூசியைத் தினமும் பெருக்கியது, எனக்குத் தலை பின்னிவிட்டது. என் தம்பிக்குப் பத்தொன்பது வயது, இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வள்ளம் இறங்காத நாட்களில் அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். அவரையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு மரியாதை இல்லை.

கட்டைப் பிரித்த பிறகு நாற்பத்து மூன்று தாளையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். ஏழு தேறும். மற்றது பழக்கத்துக்கு. பத்தொன்பது தாளில் அம்மா இருக்கிறாள். கூரை வரைந்தால் கீழே ஓரத்தில், சாரம் வரைந்தால் அதன் கால்களுக்கு நடுவில். பத்தொன்பதிலும் நிற்கிறாள், குனிகிறாள், நடக்கிறாள். ஒன்றில்கூட உட்கார்ந்திருக்கவில்லை. நான் அப்படித் திட்டமிட்டு வரையவில்லை. கண்ணில் பட்டதை வரைந்தேன், அவ்வளவுதான்.

கம்பெனிக் காலத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காக நீர்வண்ணத்தில் படத் தொகுதிகள் வரைந்தார்கள். ஒவ்வொரு சாதிக்கும் தொழிலுக்கும் ஒரு கணவன் மனைவி. கையில் அந்தத் தொழிலின் கருவி. அழகான வேலைப்பாடு. ஆனால் பெரும்பாலான படங்களில் அவர்கள் வேலை செய்யமாட்டார்கள். காட்டுவதற்காகக் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வாங்குகிறவருக்கு யார் எந்த ஆள் என்று தெரிந்தால் போதும், அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டியதில்லை. நம்முடைய "வலியிலிருந்து கலை" பேச்சும் அதே மாதிரி ஒரு படம்தான். ஓவியர் கட்டுப்போட்ட கையோடு முன்னால் நிற்கிறார். மணி நேரம் படத்தில் இல்லை.

படங்களை அம்மாவிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குக் கை ஒடிஞ்சா நான் என்ன செய்வேன் தெரியுமா? தூங்குவேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

*

இந்த இடத்தில் கோபுலுவை இழுப்பார்கள் என்று தெரியும். இழுங்கள், அவரைப் பற்றிப் பேசுவோம். ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குப் படம் போட்ட கை அது. முதிய வயதில் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரையப் பழகினார். கட்டோடு கிடந்த நாட்களில் நானும் அவரைத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது பக்கவாதத்துக்குக் கைதட்டுகிறோம். அதற்கு முன்னால் பத்திரிகை வேலை என்று நாள் தவறாமல் வரைந்த எத்தனையோ வருஷங்களை மறந்துவிடுகிறோம். இடது கைக்குப் பாடம் எடுத்தது அந்த வருஷங்கள். அத்தனை வருஷமும் வரைதல் அவருக்குச் சம்பளமுள்ள வேலையாக இருந்தது. வேலை என்றால் வீட்டில் யாரும் இடையில் கூப்பிடமாட்டார்கள்.

மனோகர் தேவதாஸ் கதை இன்னும் அதிகமாக உருகவைக்கப்படுவது. மதுரைக்காரர். விழித்திரை நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே வந்தது. 1972இல் ஒரு கார் விபத்து. மனைவி மஹிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. அவர் வேதியியலாளராக வேலைக்குப் போனார், மனைவியைப் பார்த்துக்கொண்டார், மதுரையையும் சென்னையையும் நுணுக்கமான மைக்கோடுகளில் வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ, 2022இல் இறந்தார். "சோகத்தை வென்ற காதல்" என்று தலைப்புப் போடுவதற்கு வசதியான வாழ்க்கை. எனக்கு அதில் தெரிவது வேறு. அலுவலகமும் பராமரிப்பும் முடிந்த பிறகு வரையலாம் என்று அவர் தள்ளிப்போட்டிருந்தால், முடிகிற அன்று வரைய கண் இருந்திருக்காது. ஒரு நாளைக்குள் மூன்று வேலைக்கும் அவர் இடம் ஒதுக்கினார். பராமரிப்பைக் கலைக்கு எதிரியாகவும் வைக்கவில்லை, வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டு வரையப் போகவும் இல்லை. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த ஒதுக்கீட்டை.

*

"வலிதான் கலை" என்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் சொல்வது: "முதல்ல வீட்டு வேலை முடியட்டும். கை சரியாகட்டும். அப்புறம் வரையலாம்." பார்க்க நியாயமாக இருக்கும். எங்கள் வீட்டில் கூரை இப்போது சரியாகிவிட்டது. தெற்குச் சுவர் பொரிந்துகொண்டிருக்கிறது. கடல் ஓரத்து வீட்டில் மராமத்து முடிகிற நாள் என்று ஒன்று கிடையாது. மழைக்கு முன்னால் ஒன்று, கச்சானுக்குப் பின்னால் ஒன்று. அப்புறம் என்பது வராத கப்பல்.

இந்த "அப்புறம்" நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கப்பட்டது. டிராயிங் பீரியடை மேத்ஸ் டீச்சர் கடன் வாங்குவார். என் படிப்புக் காலத்தில் அவர் ஒருமுறைகூட அதைத் திருப்பித் தரவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக, மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். கணக்கு முழுநேரம், ஓவியம் பகுதிநேரம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஸ்டுடியோ வீடியோ பார்க்கிறார்கள்: வெள்ளை மேசை, ஜன்னல் வெளிச்சம், 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள். இதெல்லாம் வந்த பிறகு தொடங்கலாம் என்று நினைக்கிறார்கள். இதுவும் அப்புறம்தான், கொஞ்சம் விலை கூடின அப்புறம்.

வலிக்காரர்களும் அப்புறக்காரர்களும் எதிரெதிர் ஆட்கள் மாதிரி தெரியும். ஆனால் ரெண்டு பேரும் ஒரே கேள்வியைத் தாண்டிப் போகிறார்கள்: வரைகிற அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டு வேலை யார் கையில் இருக்கிறது? ஒருவர் அதை வலி கொடுத்த வரம் என்கிறார். இன்னொருவர் அந்த வேலை ஒருநாள் தானாகத் தீர்ந்துவிடும் என்கிறார். அது தீராது. யாரோ ஒருத்தி செய்துகொண்டே இருப்பாள்.

கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கியபோது இந்தக் கேள்வியின் ஒரு பாதியைக் கேட்டார்கள். படம் விற்றுப் பிழைக்க முடியாது. அதனால் பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் நிலம், வீடு. பசிக்கட்டும் என்றும் இருக்கவில்லை, வசதி வரட்டும் என்றும் இருக்கவில்லை. எத்தனை மணி நேரம் கைவேலை, எத்தனை மணி நேரம் படம் என்று பிரித்துக்கொள்கிற துணிச்சல் அது. அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். அந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் அங்கே அடுப்படிக் கணக்கு எப்படி இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னால் இன்னும் பிடிக்கும்.

ஒருவர் கேட்கலாம்: "கூரை விழற வீட்டுல, கடன் இருக்கற வீட்டுல, படம் வரையறது கொழுப்பு இல்லையா?" எங்கள் ஊரில் சாயங்காலம் ஆண்கள் மரத்தடியில் மணிக்கணக்காகச் சீட்டாடுவார்கள். அதைக் கொழுப்பு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, களைப்பு என்பார்கள். என் தம்பி ராத்திரி பன்னிரண்டு வரை கேம் ஆடுவதும் வயசு. ஆக, ஏழை வீட்டிலும் ஓய்வு நேரம் இருக்கத்தான் செய்கிறது. அது யாருக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் தகராறு.

அதனால் என் தரப்பைச் சுருக்கமாக வைக்கிறேன். இனி ஒரு ஓவியரையோ எழுத்தாளரையோ மேடையில் அறிமுகம் செய்யும்போது அவர் பட்ட பாட்டைச் சொல்லாதீர்கள். அல்லது முழுசாகச் சொல்லுங்கள்: இந்தப் படம் வரைந்த நேரத்தில் இவர் வீட்டில் சோறு பொங்கியது யார், தண்ணீர் பிடித்தது யார், கைக்குழந்தை இருந்தால் அது யார் இடுப்பில் இருந்தது. வாசிக்கிற உங்களில் வரைகிறவர்கள், எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் நேரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அது உங்கள் அம்மாவின் தூக்கத்திலிருந்து வருகிறதென்றால், அதைத் தியாகம் என்று நன்றியுரையில் போட்டுவிட்டு நழுவாதீர்கள். பாதி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை, இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஆட்களிடம் கேட்டு வாங்குங்கள்.

நான் கேட்டேன். கட்டு பிரித்து வந்த அன்றே விளக்குமாறு என் பக்கம் வந்துவிட்டது. மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை, ரப்பர் பந்தை அமுக்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் பெருக்கினேன். பிறகு ராத்திரிச் சாப்பாட்டில் வைத்து எல்லார் முன்னாலும் சொன்னேன்: நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை என்னை யாரும் கூப்பிடக் கூடாது. ஐந்திலிருந்து ஆறு வரை அம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது. அப்பா ஒன்றும் பேசவில்லை. தம்பி, "அப்ப யாரு டீ போடுவா?" என்றான். "நீதான்லே" என்றாள் அம்மா.

இரண்டு மாதம் ஆகிறது. என்னுடைய ஒரு மணி நேரம் பாதி நாள் கிடைக்கிறது. அம்மாவுடையது அதைவிடக் குறைவு. கிடைக்கிற நாளிலும் அவள் எழுந்து ஏதாவது எடுத்து வைக்கப் போய்விடுகிறாள், நான்தான் பிடித்து உட்காரவைக்கிறேன். தம்பி ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் கழுவுகிறான். சாளை என்றால் கழுவுவான், நண்டு என்றால் நழுவிவிடுவான். இது போதாது. போன வாரம் அம்மா பின்வாசல் படியில், கையில் ஒரு வேலையும் இல்லாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். தேரிச் சிவப்பில் வரைந்துவிட்டேன். இருபதாவது படம். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டு வருகிறேன், அம்மாவும் வருவாள். அறிமுகத்தை அவளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.